டோடி வீட்டுத் தொட்டிக்கு மீன் தேர்ந்த விதம்

நீர்ச்செடி வைத்த பெரிய கண்ணாடித் தொட்டிக்கு மீன் தேர்ந்தெடுக்கிறவர்கள் எல்லாரும் முதலில் தொட்டியைத்தான் பார்க்கிறார்கள். நான் வீட்டுக்காரரைப் பார்ப்பேன். சும்மா இருக்க முடியாமல் தண்ணீருக்குள் கைவிட்டுக்கொண்டே இருப்பவர் உண்டு. மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காதவரும் உண்டு. மீன் தண்ணீரோடு மட்டுமா குடித்தனம் நடத்துகிறது, அந்த மனிதரோடும் சேர்த்துத்தான்.

ஆர்லீன், நம் மீன் வளர்ப்போர் சங்கத்தின் மே மாத இதழுக்கு, ஒன்றோடொன்று ஒத்துப்போகும் குள்ளச் சிக்லிட் மீன்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி இரண்டு பக்கம் கேட்டிருந்தீர்கள். இந்த வருடம் மீன் இனப்பெருக்கப் பரிசு வாங்கப்போகிறவன் எழுதினால் பொருத்தமாக இருக்கும் என்றீர்கள். உதாரணத்துக்கு ஒரு தொட்டியைச் சொல்ல வேண்டும் அல்லவா. நான் தேர்ந்தெடுத்ததிலேயே சிறந்தது டோடி கஸ்மாரெக் வீட்டுத் தொட்டிதான். அதையே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த சில விஷயங்களும் இதில் வரும். பரிசுக் குழுவில் உங்களோடு இருக்கும் மற்ற இருவரும் படிக்க வேண்டும் என்பதற்காக எதையும் விடாமல் எழுதுகிறேன்.

குள்ளச் சிக்லிட் விரல் நீளம்தான். கோபம் மட்டும் முழங்கை நீளம். தொட்டியின் தரையில் ஒரு துண்டு இடத்தைத் தன்னுடையது என்று வளைத்துக்கொள்ளும். ஆறடித் தொட்டியில் இரண்டு இனம் வைக்கலாம், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. நடுவில் பெரிய மரக்கட்டை ஒன்றைக் கிடத்தி, ஒன்றின் கண்ணில் மற்றது படாமல் செய்துவிட்டால் பாதிச் சண்டை அடங்கிவிடும். இரண்டுக்கும் ஒரே சூடு ஒத்துக்கொள்ள வேண்டும். நெருங்கிய சொந்தமுள்ள இரண்டு இனங்களைச் சேர்த்து வைத்தால் கலப்புக் குஞ்சு பிறந்துவிடும். அதைவிடப் பெரிய பாவம் கிடையாது என்று நம் சங்கத்தில் பேசிக்கொள்கிறோம். இருக்கிறது.

டோடியின் கணவன் ஸ்டான் எனக்கு முப்பது வருட நண்பன். அவன் ரொட்டி வண்டி ஓட்டினான். நான் மில்வாக்கி நகரத்துத் தண்ணீரைச் சோதித்துச் சம்பளம் வாங்கினேன். 1998இல் பெருவுக்குப் போய் ஓடைகளில் மீன் பிடித்து வரலாம் என்று மூன்று பேர் கிளம்பினோம். விமானச் சீட்டு எடுத்த பிறகு நான் பின்வாங்கினேன். தடுப்பூசி, பாம்பு, அலுவலகத்தில் வேலை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னேன். பயந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. ஸ்டான் போனான். பெயர் இல்லாத ஒரு ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று அபிஸ்டோ என்ற குள்ளச் சிக்லிட் மீன்கள் பதினொன்றைப் பிடித்து வந்தான். வால் ஓரத்தில் செங்கல் நிறத்தில் ஒரு கோடு. அந்தக் கோடு வேறு எந்த ஓடை மீனுக்கும் இல்லை. ஓடை இருந்த இடத்தில் இப்போது சாலை போகிறது. ஸ்டான் வீட்டு நிலவறையில் பெருகியவைதான் மிச்சம்.

வருடம் தவறாமல் ஒரு ஜோடி கேட்பேன். வெள்ளிக்கிழமைக் கூட்டம் முடிந்து எல்லோரும் வறுத்த மீன் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி பதில் சொல்வான்.

"அன்னிக்கு வந்திருந்தா உனக்கும் ஒரு பை கெடைச்சிருக்குமேடா. இப்ப என்ன? உன் தண்ணி வேற ரொம்ப சுத்தம். ஆஸ்பத்திரின்னு நெனச்சு மீன் பயந்துரும்."

மேசையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். இருபத்தைந்து வருடம் சிரித்தேன். வேறு இரண்டு மூன்று பேருக்குக் கொடுத்தான், அவர்கள் கையில் தங்கவில்லை. எனக்கு மட்டும் கொடுக்கவில்லை.

போன வருடம் பிப்ரவரியில் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தவன் அப்படியே விழுந்தான். டோடி அப்போது சமையலறையில் காபி போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் முன்னால் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பான் என்று இன்றைக்கும் சொல்கிறாள். மருத்துவர் அப்படி இல்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. எது நடந்தாலும் பழியைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்கிற பெண். வீட்டுக்காரரைப் பார்ப்பேன் என்று சொன்னேனே, அவளிடம் நான் பார்த்தது இது.

சங்கத்து வழக்கப்படி மூன்று வாரத்துக்குள் ஒரு சனிக்கிழமை பன்னிரண்டு பேர் வாளியும் பையுமாகப் போய், ஏலத்தில் விற்றுக் கொடுப்பதற்காக ஸ்டானின் நிலவறையைக் காலி செய்தோம். தாமதித்தால் ஆளுக்குப் பின்னாலேயே மீன்களும் போய்விடும். நாற்பது தொட்டிகள். டோடி எல்லோருக்கும் சாண்ட்விச் செய்து வைத்திருந்தாள். மூலைத் தொட்டிக்கு வந்தபோது மட்டும் குறுக்கே வந்து நின்றாள்.

"இது ஏலத்துக்கு இல்ல. ஓடை மீனு. மேல ஹால்ல வச்சுக்கப்போறேன். ஆறடித் தொட்டி வாங்கித் தரேன், வாங்கித் தரேன்னு பத்து வருஷமா ஏமாத்திட்டாரு அந்த மனுஷன். இப்ப நானே வாங்கிக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "எதோட எது சேரும்னு எனக்கென்ன தெரியும், மெர்ல். நீ பாத்து எடுத்துக் குடு. குஞ்சு பொரிக்கணும், அவ்வளவுதான். அவரு பேரு நிக்கணும்."

மொத்தம் ஆறு மீன்கள் மிஞ்சியிருந்தன. ஒரு புருஷன், அஞ்சு பெண்டாட்டி என்று ஸ்டான் கேலியாகச் சொல்லிக்கொண்டிருந்த கூட்டம். புதுத் தொட்டியில் செடி வேர்விட்டுத் தண்ணீர் பக்குவப்பட இரண்டு மாதம் ஆகும். அதுவரை ஆறும் என் வீட்டில் இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். அப்போது என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

அபிஸ்டோவிடம் ஒரு தந்திரம் உண்டு. பெரிய ஆண் ஒன்று ஆட்சி செய்கிற இடத்தில், சின்ன ஆண்கள் அடி வாங்காமல் பிழைக்கப் பெண் மாதிரியே இருந்துவிடும். நிறம் காட்டாது, துடுப்பை நீள விடாது. பழகிய கண்ணுக்கே சட்டென்று தெரியாது. தினமும் ஒரு மணி நேரம் என்று இரண்டு வாரம் பார்த்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அந்த ஐந்து பெண்டாட்டிகளில் மூன்று ஆண்கள். நிஜப் பெண்கள் இரண்டே இரண்டு. எனக்குத் தெரிந்து உலகத்திலேயே இரண்டு.

மே மாதம் டோடி வீட்டுக்கு மூன்று மீன்களைக் கொண்டுபோனேன். பெரிய ஆணும், பெண்வேடம் போட்ட இரண்டு ஆண்களும். மற்ற மூன்றும் இடம் மாறியதில் செத்துவிட்டன என்றேன். அந்த இரண்டு பெண்களும் மிச்சமிருந்த ஒரு ஆணும் என் நிலவறையில் நன்றாகத் தின்றுகொண்டிருந்தன.

"மூணாச்சும் பொழச்சுதே," என்று டோடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ இல்லன்னா இதுவும் இருந்திருக்காது."

திருட்டு என்று அப்போது நான் நினைக்கவில்லை. பாதுகாப்பு என்று நினைத்தேன். புதுத் தொட்டி, பழகாத கை, கடைசி இரண்டு பெண்கள். விவரம் தெரிந்த எவரும் அவற்றைத் தன்னிடம்தான் வைத்துக்கொள்வார். சொல்லிவிட்டு வைத்துக்கொள்வார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தத் தொட்டியை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். நடுவில் கிளைவிட்ட மரக்கட்டை. இடப்பக்கம் ஸ்டானின் மீன்களுக்கு மூன்று கொட்டாங்கச்சிகளை வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தேன். வலப்பக்கம் பொலிவியன் ராம் ஆறு. அவை சாதுவான சிக்லிட், தன் எல்லைக்குள் இருக்கும். நடுத்தண்ணீரில் நாற்பது குட்டி டெட்ரா மீன்கள், மேலே செடி நிழலில் பென்சில் மீன்கள். மேலே கூட்டம் அமைதியாகத் திரிந்தால்தான் கீழே இருப்பவை பயமில்லாமல் வெளியே வரும். டோடி கடையில் நீல ராம் பார்த்துவிட்டு வந்து அதுவும் வேண்டும் என்றாள். வேண்டாம் என்றேன். அதற்கு எண்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும், ஸ்டானின் மீனுக்கு எழுபத்தாறு போதும்.

"சூடு கூடினா என்ன ஆகும்?"

"முட்டை எல்லாம் ஆணாவே பொரிக்கும்."

அது உண்மைதான். முட்டைக்கும் குஞ்சுக்கும் உண்மை. அவள் ஒரு சீட்டில் 76 என்று பெரிதாக எழுதித் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிவைத்தாள்.

ஸ்டான் இடத்தில் சங்க உறுப்பினராகவும் சேர்ந்தாள். கோடை முழுவதும் எனக்குத் தொலைபேசி வரும். மஞ்சளா இருக்கறவ கொட்டாங்கச்சிக்குள்ள போய் உக்காந்துட்டா, மெர்ல், முட்டைதான்னு நெனைக்கிறேன் என்பாள். பொறுத்துப் பார் என்பேன். ஆகஸ்டில் வலப்பக்கத்து ராம்கள் குஞ்சு பொரித்தன. "பக்கத்து வீட்டுக்காரி புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ஊர்வலம் போறா. நம்ம வீட்டுல இன்னும் ஒரு விசேஷமும் இல்ல. எங்க போயி வேண்டிக்கிறதுன்னு சொல்லு" என்று சிரித்தாள். அந்த வாரம் என் நிலவறையில் முதல் ஈற்றுக் குஞ்சுகள் நீந்த ஆரம்பித்திருந்தன. தொலைபேசியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் அவற்றுக்கு இரை போட்டேன்.

டிசம்பரில் நல்ல குளிர். டோடி தண்ணீரில் கைவைத்துப் பார்த்திருக்கிறாள், சில்லென்று இருந்திருக்கிறது. பாவம் என்று ஹீட்டரை எண்பத்திரண்டுக்குத் திருகிவிட்டாள். ஜனவரியில் பெரிய ஆண் செத்தது. வயதாகிவிட்ட மீன், அதற்கும் சூட்டுக்கும் சம்பந்தம் இல்லை. அரசன் போனதும் வேடத்துக்கு அவசியம் இல்லை. இரண்டே வாரத்தில் பெண்டாட்டிகளில் ஒன்று நிறம் காட்டித் துடுப்பை விரித்துக்கொண்டு நின்றது. வாலில் செங்கல் நிறக் கோடு. டோடி கூப்பிட்டாள்.

"மெர்ல், இவ ஆம்பளையா மாறிட்டா. இது எப்படி?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அரை உண்மையாவது சொல்லியிருக்கலாம். ஆரம்பத்திலேயே ஆண்தான், நாம் இருவரும் ஏமாந்துவிட்டோம் என்றிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் நான் தேர்ந்தெடுத்ததில் தவறு என்று யாராவது பேசுவார்கள் என்று தோன்றியது. நான் கேட்டது வேறு.

"சூடு எவ்வளவு வச்சிருக்க?"

மெதுவாகச் சொன்னாள். "குளிருதேன்னு கூட்டினேன், மெர்ல். எண்பத்திரண்டு. நீ சொன்னியே. ஆணாப் போயிரும்னு நீ சொன்னியே."

முட்டைக்குத்தான் அது பொருந்தும், வளர்ந்த மீன் சூட்டினால் மாறாது என்று நம் சங்கத்தில் நாலு வருடம் இருந்தவருக்குத் தெரியும். டோடிக்குத் தெரியாது. நான் "ஆமா" என்று ஒரு சொல்தான் சொன்னேன். முப்பத்தொரு வருடம் சோதனைக் கூடத்தில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாதவன் நான்.

அடுத்த வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். ஹாலில் ஸ்டானின் பனிக்கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுச் சூட்டை ஐம்பத்தெட்டுக்குக் குறைத்துவிட்டாளாம், தொட்டி குளிர்ந்தால் பெண் திரும்பி வருமா என்று பார்க்கிறாளாம். தொட்டி ஹீட்டரின் பிளக் தரையில் கிடந்தது. கண்ணாடியில் ஒட்டிய சீட்டில் 76 அப்படியே இருந்தது. டெட்ராக்கள் ஒரு மூலையில் ஒடுங்கி நின்றன. இந்தக் குளிர் தண்ணீரில் அவை எத்தனை நாள் தாங்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது பெண்டாட்டியும் ஓரத்தில் நிறம் காட்ட ஆரம்பித்திருந்தது. சங்கத்தில் வேறு யாராவது வந்து பார்த்தால் இரண்டும் முதலிலிருந்தே ஆண்தான் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

"இது சரியா, மெர்ல்?" என்று கேட்டாள்.

"சரியா இருக்கு" என்றேன். காபி கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன். பத்து நாளில் தொட்டி முழுவதும் போய்விட்டது. ராம்கள், டெட்ரா, பென்சில் மீன்கள், ஸ்டானின் இரண்டும். பிளக்கைப் பிடுங்கியது அவள் கைதான். அதனால் தன் கையாலேயே கொன்றதாக அவள் சொல்வதில் இப்போது பொய் இல்லை. அந்த அளவுக்கு நான் காரியத்தைச் சுத்தமாகச் செய்திருந்தேன்.

மார்ச்சில் பரிசுப் படிவம் நிரப்பினேன். விதி உங்களுக்குத் தெரியும். இருபது குஞ்சுகள், அறுபது நாள் வயது, நேரில் வந்து எண்ணிப் பார்த்த ஒரு உறுப்பினரின் சாட்சிக் கையெழுத்து. ஒரு மீன்வழி, அதாவது ஒரே ஓடையிலிருந்து வந்த வம்சம், ஒருவரிடம் மட்டுமே மிஞ்சியிருந்தால் அது அவர் பெயரால் வழங்கும். சாட்சிக்கு டோடியைக் கூப்பிட்டேன். நாலு தெரு தள்ளி இருப்பவள், வசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் வேறு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதும் தெரியும்.

நிலவறைக்கு இறங்கி வந்து தொட்டி முன்னால் நின்றாள். செங்கல் நிறக் கோட்டைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏது இது?"

"சாகறதுக்கு முன்னால, அக்டோபர்ல ஸ்டான் ஒரு ஜோடி குடுத்தான்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே." பிறகு அவள் முகம் மலர்ந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு அப்படிப் பார்க்கிறேன். "அப்ப உன் மேல இருந்த கோவம் போயிருச்சு அவருக்கு. நீ வரலன்னு எவ்வளவு வருத்தப்பட்டாரு தெரியுமா. ஊரெல்லாம் கேலி பண்ணுவாரு, வீட்டுக்கு வந்து மெர்ல் இல்லாம போனது போன மாதிரியே இல்லம்பாரு. நல்லதாப் போச்சு."

விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். முப்பத்துநான்கு. இரண்டு முறை எண்ணினாள். படிவத்தில் மீன்வழியின் பெயர் என்ற இடத்தை நான் காலியாக விட்டிருந்தேன். அவளே பேனாவை வாங்கி ஹாகன் என்று என் குடும்பப் பெயரை எழுதினாள்.

"ஸ்டான் பேரு போடலாமே" என்றேன். வாய்தான் சொன்னது.

"விதி விதிதானே. நான் கொன்னேன், நீ காப்பாத்தின. உன் பேரே இருக்கட்டும்."

அந்தப் படிவம்தான் உங்கள் கோப்பில் இருக்கிறது. என் பெயர் என் கையெழுத்தில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

போன வாரம் பன்னிரண்டு குஞ்சுகளைப் பையில் போட்டுக்கொண்டு டோடி வீட்டுக்குப் போனேன். எடுத்ததில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன். ஏப்ரல் கடைசி, வெளியில் இன்னும் ஈரக்குளிர். கதவைத் திறந்தவள் அதே பனிக்கோட்டில் இருந்தாள். இருமிக்கொண்டே இருந்தாள். ஆறடித் தொட்டி செடியும் தண்ணீரும் இல்லாமல் மரக்கட்டையோடு காய்ந்து கிடந்தது. பையை நீட்டினேன். இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"வேணாம், மெர்ல். என் கையில குடுக்காத."

"மீன்தான் இல்லையே, வீட்டையாவது சூடு பண்ணிக்கக் கூடாதா? இன்னும் ஐம்பத்தெட்டுல வச்சிருக்க."

"அன்னிக்கு எனக்குக் குளிரினதாலதானே அதுக்கும் குளிரும்னு நெனச்சேன். எனக்குக் கொஞ்சம் குளிரட்டும்."

குஞ்சுகளைக் காரில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிறது. ஒத்துப்போகும் மீன்கள் என்று தலைப்பிட்டால் அடுத்த வரி வரமாட்டேன் என்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆர்லீன். வெட்கம் என்பதுகூடச் சின்னச் சொல்.

சுருக்கமாகச் சொல்கிறேன், குழுவுக்கு வசதியாக இருக்கும். ஸ்டான் எனக்கு மீன் கொடுக்கவே இல்லை. அவன் மனைவியிடமிருந்து மூன்று மீன்களைத் திருடினேன். குஞ்சே பொரிக்க முடியாத மூன்றை அவளுக்குக் கொடுத்து எட்டு மாதம் காத்திருக்க வைத்தேன். என் திருட்டு தெரிந்துவிடாமல் இருக்க, அவள் தொட்டி குளிரில் சாவதைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தேன். செய்தது நான், பழியை அவள் சுமக்கும்படி ஏற்பாடு செய்ததும் நான். பரிசு வேண்டாம். ஹாகன் என்ற பெயரை அடித்துவிட்டுக் கஸ்மாரெக் என்று எழுதிக்கொள்ளுங்கள். மீன்களை எந்தச் சனிக்கிழமை வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். சங்கத்திலிருந்து என்னை நீக்குவதற்குக் கூட்டம் கூட்ட வேண்டாம், இதையே விலகல் கடிதமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை டோடியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். முப்பது வருடப் பழக்கம், அவள் மனசு தாங்காது. அவளுக்காகத்தான் சொல்கிறேன். யாராவது அந்தப் பக்கம் போனால், அந்த வீட்டுச் சூட்டை மட்டும் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு வாருங்கள்.